மலையகத் தொழிலாளிக்கு எது முதலில்: விலைக் கட்டுப்பாடா, காப்புறுதி அட்டையா, தோட்டத்து டிஸ்பென்சரியா?

இலங்கையின் மலையகத்தில் சுகாதாரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று கோரிக்கைகள் மாறி மாறி முன்வைக்கப்படுகின்றன. பாமசிகளில் விற்கப்படும் மருந்துகளின் விலையை அரசாங்கம் இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது முதலாவது. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார இருப்பதைப் போலத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஒரு மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பது இரண்டாவது. தொழிற்சங்க மேடைகளில் அதிகம் கைதட்டல் வாங்குவது இதுதான். தோட்டத்து டிஸ்பென்சரியை அரச சுகாதார சேவையோடு இணைத்து, நீண்டகால நோயாளர்களுக்கான மாதாந்த மருந்தை அங்கேயே வழங்க வேண்டும் என்பது மூன்றாவது; இதைப் பேசுவோர் குறைவு. மூன்றும் தேவை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் திறைசேரியின் பணம் அளவானது. ஒரு திட்டத்துக்குப் போகும் ரூபா இன்னொன்றுக்குப் போகாது. அந்த ரூபா முதலில் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. மற்ற இரண்டும் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

முதலில், நோய் ஒரு லயன் வீட்டுக்கு எந்த வழியால் செலவு வைக்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு டிவிஷனில் கொழுந்து பறிக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய, சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் மாதக் கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் இலவசம், இரத்தப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் விடியும் முன்னரே எழுந்து, கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் பிரதான வீதிக்கு இறங்கி, பஸ் பிடித்து, இலக்கம் எடுத்து, வைத்தியருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை என்று நின்று, பகல் கடந்த பிறகே அவர் திரும்புகிறார். அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கத்தின் ஊக்குவிப்பாக மேலும் 200 ரூபா சேர்த்து, மொத்தம் 1,750 ரூபா என அறிவித்தது. அந்தக் கணக்கில் கிளினிக்குக்குப் போகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகின்றன. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுப்பது அதற்கு மேல். அவர் கையில் கொண்டுவரும் மெட்ஃபோமின் மாத்திரை ஒன்றின் விலையோ சில ரூபாதான்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு மருந்தின் விலையை விட மருந்தை எட்டுவதற்கான விலைதான் பெரிது. மூன்று வழிகளையும் இந்த அளவுகோலால்தான் நான் அளக்கிறேன். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு இந்த அளவுகோல் விசித்திரமாகத் தெரியலாம். அங்கே பாமசி தெருமுனையில் இருக்கிறது.

விலைக் கட்டுப்பாடு

இலங்கைக்கு இந்தத் துறையில் நல்ல வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, பிபிலேயின் தலைமையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அவர் செய்தது, இன்ன விலைக்கு மேல் விற்காதே என்று கடைக்காரருக்குக் கட்டளை இடுவது அன்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த மருந்துகளின் பட்டியலை ஏறத்தாழ அறுநூறாகச் சுருக்கி, வணிகப் பெயர்களுக்குப் பதிலாகப் பொதுப்பெயர்களைக் கொண்டுவந்து, நாட்டுக்குத் தேவையான முழுவதையும் உலகளாவிய கேள்விமனு மூலம் மொத்தமாக வாங்கினார். விலை வாங்கும் இடத்திலேயே விழுந்தது. 1977க்குப் பிறகு தனியார் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தப் பலம் தளர்ந்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது வேறு வகை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை விலை உச்சவரம்பை வகுக்கிறது; 2016 ஒக்டோபரில் முதல் தடவையாக 48 மருந்துகளுக்கு அதிகூடிய சில்லறை விலை அறிவிக்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றுக்கு அன்றாடம் எழுதப்படும் மருந்துகள் பல அதில் இருந்தன. மாதா மாதம் பாமசியில் வாங்குகின்ற நகரத்து ஓய்வூதியருக்கு அது மெய்யான நிவாரணம். இதை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் உச்சவரம்பு ரூபாவின் பெறுமதியை விட உறுதியாக இருக்க முடியாது. மருந்துகளில் பெரும்பகுதியை நாம் டொலருக்கு வாங்குகிறோம். 2022இல் ரூபா சரிந்தபோது அதே அதிகாரசபை மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளுக்கு 40 வீதமும் விலையை உயர்த்த இடமளித்தது. உயர்த்தாவிட்டால் இறக்குமதியாளர் கொண்டுவரமாட்டார் என்ற நிலை. 2023 ஜூனில் 60 மருந்துகளுக்கு 16 வீதம் குறைக்கப்பட்டது. இந்த மூன்று மாற்றங்களும் ஒரே மருந்தின்மீது விழுந்திருந்தால், நூறு ரூபாவாக இருந்தது 129 ஆகி, 180 ஐத் தாண்டி, கடைசியில் ஏறத்தாழ 152 இல் வந்து நின்றிருக்கும். குறைப்பு செய்தியாக வந்தது. நிகர உயர்வு யாருக்கும் செய்தியாகவில்லை.

மலையகத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே காய்ச்சலோ இருமலோ வந்தவர் பெரும்பாலும் பாமசிக்கு நேரே போவதில்லை. நகரத்தில் இருக்கும் தனியார் டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கே வைத்தியர் பார்ப்பதற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகை. சிறிய கடதாசி உறைகளில் வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, ஒரு கெப்சியூல். உறையின்மேல் காலை, இரவு என்று கோடு போட்டிருக்கும். பல இடங்களில் மருந்தின் பெயரே எழுதப்படுவதில்லை. பெயரில்லாத மாத்திரைக்கு உச்சவரம்பு இருந்தென்ன? வர்த்தமானி அந்த மேசைக்கு அருகில்கூட வருவதில்லை. மருந்துச் சீட்டில் பொதுப்பெயரை எழுத வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. சீட்டே இல்லாத இடத்தில் அந்த ஏற்பாடும் பயனற்றது.

எனவே விலைக் கட்டுப்பாடு, ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து "அம்மா, இது இங்க இல்ல, வெளியில எடுங்க" என்று சொல்லி அனுப்பப்படும் நாளில் நம்மவருக்கு உதவும். அது கடைசி அரண். அதை முதல் அரணாக எண்ணுவதற்கு நம்மிடம் நியாயம் இல்லை.

காப்புறுதி அட்டை

காப்புறுதியின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, நம் பிள்ளைகளில் ஆசிரியர்களாகவும் அரச அலுவலர்களாகவும் ஆனவர்கள் அக்ரஹாரவின் பயனைக் கண்டிருக்கிறார்கள். மற்றது, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பப்பட்ட உறவினர்கள், தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் இந்திய ரூபாய் வரையிலான சிகிச்சை அட்டை இருப்பதைத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்ற ஏக்கம் இயல்பானது.

ஆனால் அந்த அட்டை எந்த நோயைத் தீர்க்கப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு சத்திரசிகிச்சைக்காக நிலத்தை விற்கின்ற குடும்பங்கள் இருந்தன. தமிழ்நாடு 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும், இந்திய அரசு 2018இல் கொண்டுவந்த திட்டமும் அந்தப் பெருஞ்செலவைத் தாங்குவதற்கானவை. இலங்கையில் விடுதியில் அனுமதிக்கப்படும் நோயாளர்களில் தொண்ணூறு வீதத்துக்கும் மேற்பட்டோரை அரச வைத்தியசாலைகளே ஏற்கின்றன. 1951இல் கட்டணம் நீக்கப்பட்டதிலிருந்து விடுதிச் சிகிச்சை இலவசமாகவே இருந்து வருகிறது. நம் நாட்டில் மக்களின் சட்டைப்பையிலிருந்து போகும் பணம் பெரும்பாலும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் போகிறது. வழமையான காப்புறுதி இவற்றைத்தான் விலக்கி வைக்கிறது. ஓர் இரவாவது தங்க வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. வயது எல்லை உண்டு. முதலில் பணம் கட்டி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். நாம் மேலே கண்ட பெண்ணின் சீனி வருத்தம் பழையது, வயது கூடியது, அவர் விடுதியில் தங்குவதில்லை. அட்டையின் ஒவ்வொரு நிபந்தனையும் அவரைக் குறி வைத்து எழுதியதைப் போலவே இருக்கும்.

அக்ரஹாரவிலேயே இதன் சாயல் தெரியும். மணமாகாத ஊழியருக்குப் பெற்றோரும் காப்புறுதிக்குள் வருகிறார்கள். அவர் திருமணம் செய்துகொண்டால் அந்த இடம் கணவருக்கோ மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ போகிறது. ஆசிரியையாகி வந்த மகளின் காப்புறுதியில் இருந்த கொழுந்து பறிக்கும் தாய், மகளின் கல்யாணத்தோடு வெளியே வந்துவிடுகிறார். திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. எல்லாக் காப்புறுதிக்கும் ஒரு கோடு போட்டாக வேண்டும், அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

அட்டை எங்கே செல்லுபடியாகும் என்ற கேள்வியும் இருக்கிறது. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் கண்டியிலும் கொழும்பிலும் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தின் மேல் டிவிஷன்களில் இருந்து அங்கே போய் வருவது, டிக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ போய் வருவதை விடப் பன்மடங்கு சிரமம். கட்டுப்பணம் மட்டும் எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் ஒரே ஒழுங்காகக் கழியும். பயன்பாடு நகரத்துக்கு அருகில் இருப்பவர்களிடம் குவியும்.

காப்புறுதிக்குச் சாதகமான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. இருதய அடைப்புக்கு எஞ்சியோகிராம் பார்க்கவும் பைபாஸ் செய்யவும் அரச வைத்தியசாலைகளில் நீண்ட காத்திருப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் காத்திருக்க உடம்பு இடம் கொடுக்காதபோது பணம் உள்ளவர் தனியாரிடம் செய்துகொள்கிறார்; இல்லாதவர் நகையை அடகு வைக்கிறார், அல்லது ஆலயத்தின் முன் உண்டியல் குலுக்கும் நிலைக்கு வருகிறார். இங்கே காப்புறுதி உயிரைக் காக்கும். ஆயினும் இதற்குப் புதிய அட்டை ஒன்றை அச்சிடுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துகிறோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்ரோலில் பெயர் உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தின் 3 வீதத்தைத் தொழில்தருநர் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குக் கட்டுகிறார். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த நிதியம் உறுப்பினர்களின் இருதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண்ணில் பொருத்தும் வில்லைக்கும் நிதியுதவி தருகிறது. தொழிலாளி தனியாக ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. கண் புரைக்கு லென்ஸ் வாங்கக் கடன் வாங்கிய எத்தனையோ பேருக்கு, தங்கள் பெயரில் இந்த உரிமை இருந்ததே தெரியாது. ஊழியர் சேமலாப நிதியத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது ஓய்வின்போது கையில் வருகிறது. இதைப் பற்றித் தோட்டக் காரியாலயத்திலும் சொல்வதில்லை, சந்தா பிடிக்கும் சங்கங்களிலும் அநேகமாகச் சொல்வதில்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்காகவே கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது.

கூட்டாகப் பணம் சேர்த்து ஒருவரின் இடரைத் தாங்குவது நம்மவருக்குப் புதிதன்று. தோட்டம் தோட்டமாக இருக்கும் மரணாதார சங்கங்கள் அதைத்தான் செய்கின்றன, அதுவும் படிவம் இல்லாமல், அன்றைக்கே. கைபேசிக் கணக்கிலிருந்து நாளுக்குச் சில ரூபாவைக் கழித்துக்கொண்டு, வைத்தியசாலையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சிறு காப்புறுதிகளும் இப்போது வந்திருக்கின்றன. இழந்த பேரை ஓரளவுக்கு ஈடு செய்கிற வகையில், பெரிய அட்டையை விட இவை தோட்டத்துக்குப் பொருத்தமானவை என்றே சொல்வேன். விடுதியில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இங்கேயும் மாறவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரி

இலவச சுகாதாரம் நாடு முழுவதற்கும் வந்த காலத்தில் நம்மவர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றார்கள். தோட்டத்து வைத்தியம் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியில் துரைமாரின் பொறுப்பாகவே தொடர்ந்தது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. தோட்ட வைத்தியசாலைகளில் ஒரு சிறு தொகையை மட்டும் அரசு பின்னர் பொறுப்பேற்றது. மிகுதி இன்றும் அரைகுறையாக நிற்கிறது. கட்டடம் கம்பனியுடையது, வைத்திய உதவியாளரின் சம்பளம் கம்பனியுடையது, தடுப்பூசியும் தாய் சேய் கிளினிக்கும் அரசின் குடும்பநல உத்தியோகத்தருடையது. மாத்திரைக்கு மட்டும் பொறுப்பாளர் தெளிவாக இல்லை.

இந்த நிலையில் டிஸ்பென்சரியில் கிடைப்பது பரசிட்டமோல், ஓஆர்எஸ், காயத்துக்கு மருந்து, கொஞ்சம் இருமல் பாணி. மக்கள் "டாக்டர் ஐயா" என்று அழைத்தாலும் தோட்ட வைத்திய உதவியாளர்களில் பெரும்பாலானோர் பதிவு பெற்ற வைத்தியர்கள் அல்லர். பிரஷருக்குப் புதிதாக மருந்து தொடங்க அவர்களை அனுமதிக்கக் கூடாது. அந்த எதிர்ப்பு நியாயமானது. நான் சொல்வது அதுவன்று. டிக்கோயாவிலோ, நுவரெலியாவிலோ, பதுளையிலோ வைத்தியர் பார்த்து எழுதிய மருந்து, அடுத்த சில மாதங்களுக்குத் தோட்டத்துக்கே பொதியாக வந்து, கிளினிக் கொப்பியில் பதிவாகி, பிரஷரும் சீனியும் அளக்கப்பட்டு, கையில் கொடுக்கப்பட வேண்டும். அளவு கூடினால் மட்டும் நோயாளி வைத்தியரிடம் போனால் போதும். மாதம் ஒரு பேர் இழந்தவர் மூன்று மாதத்துக்கு ஒரு பேரை இழப்பார்.

இது கனவுத் திட்டமன்று. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் நோயாளர்களின் மருந்தை வீடுகளுக்கு அனுப்பின. தமிழ்நாட்டின் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. நீலகிரி உறவினர்கள் அட்டையைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள்; அட்டையைத் தவிர மாத்திரைக்கும் அந்த மாநிலம் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதையும், அந்த மாத்திரைகளை மருத்துவ சேவைக் கழகம் என்ற அரச நிறுவனம் மொத்தமாகக் கொள்வனவு செய்கிறது என்பதையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. பிபிலே செய்ததன் இன்னொரு வடிவம்தான் அது.

தபால் முறை தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. பல தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்தில் மொத்தமாக இறங்கி, யாரோ ஒருவர் கையில் வரும்போது வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதைகள் எல்லா லயத்திலும் உண்டு. மருந்தை அந்த வழியில் விட முடியாது. பொதி காரியாலயத்தைத் தொடாமல் டிஸ்பென்சரிக்கே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். உறையின்மேல் உட்கொள்ளும் முறை தமிழில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த வழிக்கும் பலவீனம் உண்டு. 2022இல் மத்திய மருந்துக் களஞ்சியம் வெறுமையானபோது பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே சேலைன் முதல் தட்டுப்பாடு வந்தது. அப்படியொரு காலம் திரும்பினால் கடைசியாகப் பொதி கிடைப்பது மேல் டிவிஷனுக்குத்தான். அப்போது பாமசியில் விலை கட்டுக்குள் இருப்பது அவசியமாகும். ஆகவே உச்சவரம்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்காகத் தனியாகச் செலவிட வேண்டிய புதுப்பணமும் அதிகமில்லை; அதிகாரசபைக்கு வேண்டியது பெரும்பாலும் துணிவும் ஒழுங்கான கணக்கும்.

இரட்டை அதிகாரம்தான் மெய்யான முட்டுக்கட்டை. சம்பளம் கம்பனியிடமும் மருந்து அரசிடமும் இருந்தால், மாத்திரை குறையும் நாளில் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். வைத்திய உதவியாளரையும் மருந்து வழங்குநரையும் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் கொண்டுவந்து, கட்டடத்தை மட்டும் கம்பனியிடம் விட்டுவைப்பது ஒரு வழி. அதற்குக் கம்பனி இப்போது செலவிடும் தொகையைப் பங்களிப்பாகத் தொடர்ந்து கட்டச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சுமை கைமாறியதில் இலாபம் கம்பனிக்கு மட்டுமே.

காப்புறுதியில் இன்று செய்ய வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர்களும், அவுட்குரோவர் முறையில் தேயிலைத் துண்டு எடுத்துப் பராமரிப்பவர்களும் செக்ரோலில் இல்லை. அதனால் அந்த 3 வீதம் அவர்கள் பெயரில் சேர்வதில்லை. இருதயத்துக்கும் கண்ணுக்குமான உதவியும் அவர்களுக்கு இல்லை. இவர்களின் தொகை ஆண்டுதோறும் கூடி வருவதைத் தோட்டத்தில் இருப்பவர் எவரும் காண்கிறார். கொழுந்தை நிறுத்து வாங்கும்போது கம்பனி உரத்துக்கும் மருந்தடிப்புக்கும் கிலோக்கணக்கில் கழிக்கத் தெரிந்து வைத்திருக்கிறது. அதே சிட்டையில், தன் பங்காக 3 வீதத்தையும் எழுதி நிதியத்துக்கு அனுப்பச் செய்வதற்கு, தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையிலேயே இதை ஒரு தனிக் கோரிக்கையாக வைக்கலாம்.